அத்தை சொல்லாத பெயர்

சந்தியாகுப் பெரியப்பா அந்தக் கடதாசியை நீட்டியதும் நான் கதிரையை விட்டு எழுந்து நின்றேன். உட்கார்ந்தபடியே வாசித்திருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் இங்கிலீசுக் கடதாசி அது; எங்கள் குடும்பத்தில் இங்கிலீசு வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் வாசிப்பென்றால் எழுந்து நின்றுதான் வாசிப்போம்.

வெளியே மழை. தகரக் கூரையில் அது கொட்டுகிற சத்தத்துக்கு மேலே என் குரல் கேட்க வேண்டியிருந்தது. அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். அப்பா நகக்கண்ணில் படிந்த சுண்ணாம்பைச் சுரண்டியபடி சுவரோரம் குந்தியிருந்தார். வெள்ளையடிக்கிறதுதான் அவர் தொழில். கண்டி டவுனில் அவர் கை படாத பங்களா குறைவு.

மஹய்யாவையில் நாங்கள் இருந்த அந்த வீடு எங்களுடையதல்ல. அப்பாவின் அத்தை மதலேனம்மாளுடையது. அப்பா கூப்பிட்டதைக் கேட்டு நானும் அவளை அத்தை என்றே கூப்பிட்டேன். அத்தை இறந்து அன்றோடு முப்பது நாள். காலையில் பூசை முடிந்து, வந்தவர்கள் கோப்பி குடித்துவிட்டுப் போய், நாங்கள் நாலு பேர்தான் மிச்சம்.

என் கையில் இருந்தது அத்தையின் மரண சாசனம்.

அத்தை அப்படியொன்று எழுதி வைத்திருந்ததே அவள் இறந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். செபமாலைப் பெட்டிக்கு அடியில், சாசனம் எழுதிக்கொடுக்கும் நொத்தாரிசின் முத்திரை வைத்த துண்டு ஒன்று கிடந்தது. எழுத்தைக் கண்டாலே அப்பாவுக்குப் பயம். அதைப் பெரியப்பாவிடம் கொடுத்தார். பெரியப்பா, அத்தையின் ஒரே மகளைக் கட்டியவர். அந்த மகள் கல்யாணமான இரண்டாம் வருசமே பிரசவத்தில் இறந்துபோனாள். பெரியப்பா பிறகு வேறு கல்யாணம் செய்துகொண்டு கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். கந்தோர், கச்சேரி என்று அரசாங்க அலுவலகமெல்லாம் பழகிய ஆள். அவர் ஒரு புரொக்டரை, அதாவது வக்கீலைப் பிடித்து, சாசனத்தைக் கோட்டில் கொடுக்க, கோட்டிலிருந்து இங்கிலீசுப் பிரதி வந்திருந்தது.

நான் வாசித்தேன். ஒரு பக்கம்கூட இல்லை. வீட்டையும் வீடிருக்கும் காணியையும் அத்தை ஒரே ஆளுக்கு எழுதியிருந்தாள். மார்த்தாவின் கணவராகிய என் சன்-இன்-லோவுக்கு.

பெரியப்பாவின் இரண்டாம் மனைவி பெயர் மார்த்தா.

போன கிழமை இதே பகுதியில் நான் எழுதிய பள்ளிக்கூடச் சங்கதிகளைப் படித்த வாசகி ஒருவர், இங்கிலீசு படித்து வீட்டுக்கு என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். முதலில் கொண்டுவந்தது இதுதான். எங்கள் வீடு எங்களுக்கு இல்லை என்ற செய்தியை, உச்சரிப்புப் பிழையில்லாமல், நிமிர்ந்து நின்று நானே வாசித்தேன்.

பெரியப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவசரமில்ல சூச, மூணு மாசம் இருங்க. நான் கேட்டு எழுதச் சொல்லல, மாதா சத்தியமா" என்று அப்பாவிடம் சொன்னார். அது உண்மை என்று எல்லோருக்கும் தெரிந்தது. அதனால்தான் அவரோடு சண்டைபோடவும் முடியவில்லை.

"அவங்க வீடு. அவங்க இஷ்டம்ணே" என்றார் அப்பா.

அம்மா என்னைத்தான் பார்த்தாள். வீடு போனால் எங்களுக்குப் போக்கிடம் அம்மாவின் அண்ணன் இருந்த தோட்டத்துத் தொழிலாளர் லயம். அங்கிருந்து கன்னியர் மடத்துக்கு நடந்து வர முடியாது. இன்னும் ஒரு வருசம் படித்தால் நான் ஆசிரியை. இல்லாவிட்டால் முதுகில் கொழுந்துக் கூடை.

சேசு, மரி, இருமல்

இந்த இடத்தில் அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அத்தையின் கணவர் பெயர் சூசை. நான் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். எங்கள் பக்கத்துப் பெண்கள் கணவர் பெயரை வாயால் சொல்வதில்லை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மற்றப் பெண்களுக்கு அதில் பெரிய கஷ்டமில்லை. அத்தைக்கு இருந்தது. ஏனென்றால் சூசை என்பது மாதாவின் கணவர் பெயர். அந்தப் பெயரில்லாமல் எங்கள் செபம் நகராது.

மாலைச் செபத்தில் எல்லோரும் "சேசு, மரி, சூசை" என்போம். அத்தை "சேசு, மரி" என்று சொல்லிவிட்டு இருமுவாள். சின்ன வயதில் அதுவும் செபத்தில் சேர்ந்தது என்று நினைத்து நானும் இருமியிருக்கிறேன். சூசையப்பர் திருநாளன்று கோயிலுக்குக் கிளம்பும்போது, எந்தத் திருநாள் என்று யாராவது கேட்டால், "மாதாவுடைய புருசர் திருநாள்" என்பாள். பங்குச் சாமியார் ஒருமுறை, செபத்திலாவது அர்ச்சியசிட்டவரான சூசையப்பர் பெயரைச் சொல்லக் கூடாதா என்று கேட்டாராம். "அவரு கோவிச்சுக்க மாட்டாரு சாமி. வீட்டுல இருந்தவரு கோவிச்சுக்குவாரு" என்று பதில் சொல்லியிருக்கிறாள். அப்போது வீட்டில் இருந்தவர் இறந்து பத்து வருசமாகியிருந்தது.

போதாக்குறைக்கு என் அப்பாவின் பெயரும் சூசை. அத்தைக்கு அவர் கூடப் பிறந்த அண்ணன் மகன். அண்ணன் மகனை மருமகன் என்பதுதானே முறை. அதனால் பெயர் சொல்லும் தொல்லை இல்லாமல் "இந்தாங்க மருமகனே" என்றே காலமெல்லாம் கூப்பிட்டாள். லேனில் பேக்கரிப் பாண் விற்க வருகிறவர்கூட அப்பாவை "மருமகன்" என்றுதான் கூப்பிடுவார். அப்பாவுக்குச் சொந்த மகளைக் கட்டிவைக்கவும் அத்தைக்கு ஒரு காலத்தில் ஆசை இருந்ததாம். மாப்பிள்ளை பெயரை மகளும் சொல்ல முடியாது, மாமியாரும் சொல்ல முடியாது என்றால் வீட்டில் தீப்பிடித்தால் யார் கூப்பிடுவது என்று சொல்லி அவள் கணவரே தடுத்துவிட்டதாகக் கதை.

அப்பா சிறு பிள்ளையாக இருக்கும்போதே தாத்தா காய்ச்சலில் போய்விட்டார். அப்பா தோட்டத்தில் வளர்ந்து, வேலை தேடிக் கண்டிக்கு வந்தபோது, அத்தை பின்னறையை ஒதுக்கிக் கொடுத்தாள். அம்மா வந்தாள், அத்தை விதவையானாள், நான் பிறந்தேன், முன்னறையும் எங்களுக்கு வந்தது. ஆனால் அப்பா அந்த வீட்டில் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. இன்னொருவர் வீட்டில் இருக்கிறோம் என்பது அவர் நடையிலேயே தெரியும்.

கடைசி வரி

பெரியப்பா பேராதனை வழியாகக் கலஹா போகும் பஸ்ஸைப் பிடிக்கப் போன பிறகு, நான் அந்தக் கடதாசியை மறுபடி மறுபடி வாசித்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எங்கேயோ உறுத்தியது.

உறுத்தியது மார்த்தா. மகள் போன பிறகு மருமகன் வேறு கல்யாணம் செய்ததை அத்தை மன்னிக்கவே இல்லை. மார்த்தா பெரியம்மாவை "அந்த கலஹாக்காரி" என்பாள். மார்த்தா என்ற பெயர் அவள் வாயிலிருந்து வந்து நாங்கள் யாரும் கேட்டதில்லை. பெரியப்பாவுக்கே வீட்டை எழுதினாள் என்று வைத்துக்கொண்டாலும், "சந்தியாகு" என்று சொல்ல அவளுக்கு என்ன தடை? அந்தப் பெயரை விட்டுவிட்டு, கலஹாக்காரியின் புருசன் என்று சொல்லியா வீட்டைக் கொடுப்பாள்?

கடதாசியின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. தமிழிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தை பேசியது தமிழில். சன்-இன்-லோ என்று அவள் சொல்லவில்லை. "மருமகன்" என்றுதான் சொல்லியிருப்பாள். இங்கிலீசில் மகளைக் கட்டியவருக்கு ஒரு சொல், அண்ணன் மகனுக்கு வேறு சொல். எங்களுக்கு இரண்டு பேருக்கும் ஒரே சொல்.

அப்பாவிடம் சொன்னேன். அவர், செத்தவள் சொத்துக்காகக் கோட்டுப் படி ஏறினால் ஊர் சிரிக்கும் என்றார். ஊர் சிரித்தால் வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்கலாம், வீடு வேண்டுமே என்றாள் அம்மா. அடுத்த சனிக்கிழமை அம்மாவும் நானும் கிளம்பினோம்.

நொத்தாரிசு ஐயா

புத்தரின் பல் இருக்கும் மாளிகைக்குப் பக்கத்தில், கோட்டுக் கட்டடத்தை ஒட்டி வரிசையாக இருந்த சின்ன அறைகளில் ஒன்று அவருடையது. யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர், நெற்றி நிறையத் திருநீறு. அறை முழுவதும் பழைய கடதாசியும் அரக்கும் மணத்தது. ஒரு காதுதான் கேட்கும் என்று முதலிலேயே சொல்லி, அந்தக் காதைத் திருப்பிக்கொண்டார்.

நான் விசயத்தைச் சொன்னேன். தன்னிடமுள்ள தமிழ்ப் பிரதியை எடுத்து என் முன்னே வைத்து, "வாசிப்பியோ பிள்ளை?" என்று கேட்டார். வாசிப்பேன் என்றேன். கொஞ்சம் விறைப்பாகத்தான் சொல்லியிருப்பேன்.

அதில் இப்படி இருந்தது: மாதா என்பவளின் புருசனாகிய எனது மருமகனுக்கு.

மார்த்தா இல்லை. மாதா.

எனக்குத் தலைக்குள் மணியடித்த மாதிரி இருந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வரியை அம்மாவுக்கு மெதுவாக வாசித்துக் காட்டினேன். அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினாள். அத்தை போன பிறகு அம்மா சிரித்தது அன்றுதான்.

நொத்தாரிசு ஐயாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் கேட்டேன், அத்தை அன்றைக்குச் சரியாக என்ன சொன்னாள் என்று.

"எனக்கு நல்ல ஞாபகம். மருமகன்ர பேர் என்ன எண்டு கேட்டன். மனுசி சொல்லேல்லை. பேர் இல்லாமல் உறுதி எழுதேலாது எண்டன். கனநேரம் இருந்து யோசிச்சுப்போட்டு, மாதாவுடைய புருசர் பேரு எண்டா. நான் அப்பிடியே எழுதினன். மருமகன்ர பெண்சாதிக்குப் பேர் மாதா எண்டு நினைச்சன்."

"ஐயா, மாதான்னா எங்க தேவமாதா. அவங்க புருசர் பேரு சூசை. எங்கப்பா பேரும் அதுதான்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாதாவைத் தெரியாமலே, பிள்ளை? யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டுக்கு முன்னாலேயே மாதா கோயில். ஆனால் கன்னி, கன்னி எண்டெல்லோ பாடுறியள்? அவவுக்குப் புருசன் இருக்கிறார் எண்டு எனக்கு ஆர் சொன்னது?"

அம்மா மறுபடியும் முந்தானையைத் தேடினாள். பிறகு நடந்தது எளிதில் விளங்கியது. கோட்டில் மொழிபெயர்த்தவர், மாதா என்று ஒரு பெண்ணுக்குப் பெயரிருக்காது, எழுத்துப் பிழை என்று எண்ணி, கிறிஸ்தவப் பெண்தானே என்று மார்த்தா ஆக்கியிருக்கிறார். அவரவர் தங்களுக்குத் தெரிந்த வரையில் சரியாகத்தான் செய்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைச் சுவர்

நாங்கள் எழுந்தபோது ஐயா இருக்கச் சொன்னார். எழுத வேண்டாம் என்று அத்தை கேட்டுக்கொண்ட ஒன்று உண்டாம். அவள் போய்விட்டதால் இனிச் சொல்லலாம் என்றார்.

அந்தக் காணி அத்தைக்குச் சீதனமாக வந்தது. வீட்டைக் கட்டியது அத்தையின் கணவர் என்றுதான் லேன் முழுவதும் சொல்லும். அவரும் திருநாள் விருந்துகளில் அப்படித்தான் சொல்லிக்கொள்வாராம். உண்மையில் ஒவ்வொரு கல்லும் அத்தையின் அண்ணன் வைத்தது. அதாவது என் தாத்தா. அவர் மேசன். கிழமை நாளெல்லாம் வெளி வேலை. தங்கச்சி வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது. ஞாயிறு வேலை செய்வது பாவம் என்று சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்வாராம். அடுத்த நாள் பூசை முடிந்ததும் மறுபடி சாந்து குழைப்பாராம். இரண்டு வருசம் இப்படி.

ஏன் இதை மருமகனிடம் சொல்லவில்லை என்று ஐயா கேட்டிருக்கிறார். அத்தையின் பதிலை அவர் தன் பேச்சில்தான் சொன்னார். என் காதில் அது அத்தையின் குரலிலேயே விழுந்தது. "கட்டினது எங்க வீட்டுக்காரர்னே ஊரு சொல்லட்டும். செத்தவரோட மரியாதைய நான் எதுக்குக் கொறைக்கணும்? வீடு மட்டும் கட்டினவன் பிள்ளைக்குப் போய்ச் சேரட்டும்."

ஒரு மனிதரின் பெயரைச் சொல்லாமலிருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அவர் சொன்ன பொய்யையும் சொல்லாமல் காப்பாற்ற ஒருத்தியால் முடியும் என்பது அன்றுதான் தெரிந்தது. எங்கள் குடும்பங்களில் பெண்களுக்கு அலுமாரி, தோடு, பெட்டி என்று ஏதாவது வரும்; சுவர் எப்போதும் ஆண்களுக்கு. அத்தையும் அந்த வழக்கத்தை மாற்றவில்லை. வீடு அண்ணனிடமிருந்து அண்ணன் மகனுக்கே போனது. இடையில் நாற்பது வருசம் அவள் அதை வைத்துக் காத்தாள், அவ்வளவுதான். சாசனத்தில் என் பெயர் இல்லை. என் பெயரைச் சொல்ல அவளுக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை, ஆனாலும் இல்லை. அந்தக் குறை எனக்கு இப்போதும் கொஞ்சம் உண்டு. மறைக்க விரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். பெயர்க் குழப்பத்தைக் கேட்டு அவர் சிரித்தார். தாத்தா சங்கதி வந்ததும் சிரிப்பு நின்றது. எழுந்துபோய், ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் தான் வெள்ளையடித்த சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். மூலைக்குப் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர் பார்த்தார்.

"கோணல் இல்ல" என்றார். "எத்தனையோ பங்களாச் சுவரு பாத்திருக்கேன். இந்த நேரு எதுலயும் இல்ல. யாரு மேசன்னு கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு."

அன்றிரவு சாப்பாட்டின்போது ரசத்தில் உப்பில்லை என்று அப்பா உரக்கச் சொன்னார். அந்த வீட்டில் அவர் சொன்ன முதல் குறை. அம்மா சந்தோசமாக உப்புப் போட்டாள்.

சாட்சி

பெரியப்பாவுக்குச் சொல்லியனுப்பினோம். அவர் அடுத்த பஸ்ஸிலேயே வந்தார். பாரம் இறங்கியது போல் கதிரையில் சாய்ந்தார். செத்த மூத்த தாரத்தின் அம்மா வீட்டில் குடியேற மாட்டேன் என்று மார்த்தா பெரியம்மா செய்தி கேட்ட நாளிலிருந்து அடுப்பே மூட்டவில்லையாம். "ரெண்டு பக்கமும் அடி வாங்கிக்கிட்டுருந்தேன்" என்றார். கோட்டில் தனக்கு வழக்கில்லை என்று சொல்ல அவரே முன்வந்தார்.

ஆனாலும் எழுதிய சாசனத்தில் இருப்பதற்கு வேறு பொருள் சொல்வதென்றால் நீதிபதிக்குச் சாட்சி வேண்டும். இதைச் சொன்னது நொத்தாரிசு ஐயா. கோயில் புத்தகத்திலிருந்து அப்பாவின் ஞானஸ்நானப் பதிவு வந்தது. அத்தை அந்தப் பெயரைச் சொல்லவே மாட்டாள் என்பதைச் சொல்ல, அவளோடு ஒரே அடுப்படியில் இருந்த ஆள் வேண்டுமென்று அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

அம்மா சாட்சிக் கூட்டில் ஏறினாள். கோயில் சேலை கட்டியிருந்தாள். சத்தியம் செய்தாள். மொழிபெயர்த்துச் சொல்லும் முதலியார், எல்லோரிடமும் முதலில் கேட்பதைக் கேட்டார். உன் பெயர் என்ன? லூசியா. உன் புருசன் பெயர் என்ன?

அம்மா வாயைத் திறக்கவில்லை.

முதலியார் மறுபடி கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நீ சொல்லேன் என்று கண்ணால் கேட்டாள். வீட்டுக்கு வரும் பதிவுகாரரிலிருந்து பள்ளிக்கூடச் சேர்க்கை வரை அந்தப் பெயரை அவளுக்காகச் சொல்வது நான்தான். நான் எழுந்தேன். சேவகர் என்னை உட்காரச் சொன்னார்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். கோபிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முதலியாரிடம் ஏதோ கேட்டார். முதலியார் பதில் சொன்னார். நீதிபதி சிரித்துவிட்டார். செத்துப்போன அம்மையார் ஏன் பெயர் சொல்லவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை என்று இங்கிலீசில் சொன்னார். அது அந்த அறையில் எங்கள் ஆட்களில் எனக்கு மட்டும் விளங்கியது.

"ஆனா எழுத்தில பேர் விழவேணும், அம்மா" என்றார் முதலியார். "அது இல்லாமல் முடிக்கேலாது."

அம்மா கூட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தலையைக் குனிந்தாள். நிமிர்ந்தாள்.

"சூசை" என்றாள்.

சின்னக் குரல்தான். பின்வரிசை வாங்கில் இருந்த அப்பா, யாரோ கூப்பிட்டது போல் எழுந்து நின்றுவிட்டார். இருக்கச் சொல்லிச் சேவகர் கையைக் காட்டும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

புதிய மொழிபெயர்ப்பில் அப்பாவின் பெயரும், அண்ணன் மகனைக் குறிக்கும் நெவ்யூ என்ற சொல்லும் எழுதப்பட்டதை நான் இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். டவுனைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அப்பா நடையைக் குறைத்து அம்மாவுக்குப் பக்கத்தில் வந்தார். நான் இரண்டடி முன்னே போய்க்கொண்டிருந்தேன். கேட்காதது போல் போனேன்.

"லூசி, இன்னொரு வாட்டி சொல்லேன்."

அம்மா முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வீடுதான் கெடைச்சிருச்சில்ல" என்றாள். "இனி எதுக்கு?"